நைதர் எழுதிய பக்கம்

என் கோமதி அக்காவுக்கு,

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் உங்களுக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் இன்னும் கிடைக்கிறது. நாம் ஆபீஸ் போன சார்ட்டர்ட் பஸ்ஸைத்தான் நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லவா எழுதுகிறேன்? சுற்றி வளைப்பது என் வழக்கம், உங்களுக்குத் தெரியாததா.

நேற்று உங்கள் உமா போன் செய்தாள். நீங்கள் கண்ணை மூடியபின் உங்கள் வேலையை வாரிசு என்று அவளுக்குக் கொடுத்தார்கள். இப்போது நாம் எழுதிய அதே பதவி உயர்வுப் பரீட்சையை எழுதப் போகிறாள். "ஆன்ட்டி, நீங்களும் அம்மாவும் படிச்ச இங்கிலீஷ் நோட்டு இருக்கா? சண்டே காலைல வரேன்" என்றாள். இருக்கு என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

லக்ஷ்மிபாய் நகரில் பஸ் ஏறினால் ஆபீஸ் வரும்வரை படிப்போமே, ஞாபகம் இருக்கா? இரண்டு பேருமே என்றால் போத், இரண்டில் ஒருவர் என்றால் ஐதர். "போத் ஆஃப் அஸ் ஹேவ் பாஸ்டு!" என்று நீங்கள் கத்தியதும் முன் சீட் சர்தார்ஜி திரும்பி, "முபாரக் ஹோ, பஹன்ஜி!" என்று வாழ்த்தினார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது.

அடுத்தது, இரண்டு பேருமே இல்லை என்கிற நைதர். "நைதர் ஆஃப் அஸ்..." என்று ஆரம்பித்தேன். என் வாயைப் பொத்தினீர்கள்.

"ஏட்டி, வாயைக் கழுவு! ரெண்டு பேரும் பாஸாகலன்னு நாமளே சொல்லிக்கிடணுமா? அபசகுனம்!"

"வேற வாக்கியம் வெச்சுப் படிக்கலாமே அக்கா?"

"அந்தச் சொல்லே ஆகாது. விட்டுரு."

விட்டுவிட்டோம். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், கிச்சன் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் நைதரைப் படித்தேன், அக்கா. ஒரு பக்கம் முழுக்க எழுதியும் பார்த்தேன். மாடி வீட்டில் நீங்கள் நடமாடும் சத்தம் கேட்டது. ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டுவீர்கள் என்று பயந்ததாக இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். உங்களை முந்த வேண்டும் என்று இருந்தது.

கேள்வித்தாளில் ஐந்து வாக்கியம், அத்தனையும் நைதர். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன்.

மூன்று மார்க்கில் உங்களுக்குப் போயிற்று. அப்படியும் லட்டு வாங்கி வந்து என் வாயில் ஊட்டி, "அந்த நைதரை எப்படிட்டி எழுதின?" என்று கேட்டீர்கள்.

"ஏதோ தோணினதை எழுதினேன் அக்கா."

"கெட்டிக்காரி!"

அப்புறம் செக்‌ஷனில் மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்று கூப்பிட்டீர்கள். அதையாவது வேண்டாம் என்றேனா? அடுத்த பரீட்சை வருவதற்குள் நீங்களே போய்விட்டீர்கள்.

நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. எதை எழுதினாலும் கீழே கையெழுத்தும் தேதியும் போடும் ஆபீஸ் பழக்கம் நம்மை விட்டதா? அந்தப் பக்கத்திலும் போட்டிருக்கிறேன். உங்கள் ஹால் டிக்கெட்டை உமா இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள். நைதரில் நீங்கள் விட்ட மார்க்கும் அவளுக்குத் தெரியும்; பரீட்சைக்கு முந்தின நாள் தேதியைப் பார்த்தாலே, நான் உங்களுக்குத் தெரியாமல் படித்தது அவளுக்குப் புரிந்துவிடும். காலையில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். பாதி கிழிந்தும்விட்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

கிழிந்ததைக் கோந்து போட்டு ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து அவளிடம் எல்லாம் சொல்வேன். அதற்கப்புறம் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. கூப்பிடாவிட்டாலும் சொல்வேன், அக்கா. இது உங்கள்மேல் சத்தியம்.

உங்களுக்கு மேடமாக ஒருநாளும் இருந்திருக்கக் கூடாத,
கீழ்வீட்டுத் தங்கை சரோஜா