யாருக்காகவோ வந்தவர்கள்

என் செல்லக் குட்டிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். இந்தத் தடவை முழுக் கடிதத்தையும் படித்துவிட்டு, நலமா இல்லையா என்று நீயே முடிவு செய்துகொள். நீ எப்படி இருக்கிறாய்?

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகிறது, சுவரில் இடுப்பளவுக்கு ஏறிய கறை மட்டும் போகமாட்டேன் என்கிறது. வானம் லேசாகக் கறுத்தால் போதும், உன் அப்பா சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்க்க ஓடுகிறார். மனுஷருக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று எனக்குப் பயம். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைதோறும் ஒரு டாக்டரம்மா வந்து உட்காருகிறார், மனசு விட்டுப் பேசலாம் என்றார்கள். அப்பாவைக் கூப்பிட்டால் எனக்கென்ன பைத்தியமா என்று குதிப்பார். அவருக்குப் பதில் நானே போய்க் கேட்டு வருவோம் என்று, தையல்காரரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

ஒன்றாம் வகுப்பு அறை, குழந்தைகள் பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது. பாதித் தெரு அங்கேதான் இருக்கிறது, ஆனால் ஒருத்தரும் தனக்காக வரவில்லையாம். எலக்ட்ரீஷியன், சுவிட்சில் கை வைக்கவே நடுங்குகிற தன் மச்சானுக்காக வந்தாராம். அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அவர் மனைவியும் ஒரே பெண், மச்சான் எங்கிருந்து முளைத்தான்? தலைமையாசிரியை, மணி அடித்தாலே அழுகிற ஒன்றுவிட்ட தங்கைக்காக வந்தாராம். நானும் என் வீட்டுக்காரருக்காக வந்தேன் என்றேன். டாக்டரம்மா கெட்டிக்காரி, யாரையும் குடையவில்லை. நீங்கள் பழகிக்கொண்டு போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று எல்லாரையும் கண்ணை மூடி மெல்ல மூச்சு விடச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மச்சானுக்காக விட்ட மூச்சில் பெஞ்சே ஆடியது.

கண்ணைத் திறந்தால் கதவோரப் பெஞ்சில் உன் அப்பா! முடி வெட்டப் போகிறேன் என்று காலையில் சொன்னவர். வெட்ட என்ன இருக்கிறது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தலைமையாசிரியையின் முதுகு மறைத்ததில் அவர் என்னைப் பார்க்கவில்லை. முறை வந்ததும் எழுந்து, மனைவிக்காக வந்தேன் என்கிறார். வெள்ளத்துக்குப் பிறகு சாமான் ஒன்றுவிடாமல் பரணில் ஏற்றிவிட்டாளாம், ஒரு சிட்டிகை உப்புக்கும் ஏணி போட வேண்டியிருக்கிறதாம், குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டாலே கையைப் பிசைகிறாளாம், கேட்டால் எலித் தொல்லை என்கிறாளாம், எலியெல்லாம் வெள்ளத்தோடு போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்கிறார். எனக்கு வந்ததே கோபம்! நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று சண்டை பிடிக்கத்தான் எழுந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் அவருக்காக வரல. எனக்குத்தான் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். யாரும் சிரிக்கவில்லை. எலக்ட்ரீஷியன், தனக்கு மச்சானே இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், ஊர் பார்க்க இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து உப்பு ஜாடியைக் கீழே இறக்கினோம். மற்றதெல்லாம் இன்னும் மேலேதான். பயமும் முழுசாகப் போகவில்லை, ஆனால் புதன்கிழமை சேர்ந்தே போகிறோம், ஆளுக்கொரு பொய் சொல்கிற வேலை மிச்சம்.

குட்டி, போன வாரம் போனில், உன் அறையில் கூட இருக்கிற பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்குக் கிளம்பும்போது கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டாய். நானும் மண்டு மாதிரி, பழம் வாங்கிக் கொடு என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போதுதான் உறைக்கிறது. நீ தனி அறைக்கு மாறி ஒரு வருஷம் ஆகிறதே, கண்ணு.

அந்தப் பெண்ணிடம் சொல், எந்த நேரமானாலும் அம்மாவைக் கூப்பிடலாம். குடைய மாட்டேன், அறிவுரை சொல்லாமல் வாயைக் கட்டிக்கொள்வேன், முடிந்தவரை. அங்கேயும் இப்படிக் கேட்க ஒருத்தர் இருப்பார், போய்ப் பார், யாருக்காக என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நூறு வயசு நன்றாக இருப்பாய். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

உனக்கும் அந்தப் பெண்ணுக்கும்
அம்மா