கடைசி றீஜன் மாற்றம்

14.09.2008, ஞாயிறு. உருத்திரபுரம்

காலையிலேயே வெயில். காற்றில்லை. வேவு விமானம் ஆறு மணியிலிருந்து வயலுக்கு மேல் சுற்றுகிறது. சனம் அதை வண்டு என்கிறது. அந்த இரைச்சல் பல்லுக்குள் நிற்கிறது.

இன்றைய வேலை: பங்கர் குழிக்கு மேல் தென்னங்குற்றி இன்னும் இரண்டு. சோலர் தட்டு துடைக்க. பற்றறிக்குத் தண்ணீர்.

எழுதியதும் கை நின்றது. பற்றறித் தண்ணீர் வாங்கத்தான் என் மனிசி வதனியை அனுப்பினேன். சைக்கிளில். ஒன்பது வாரமாகிறது. கடைக்கு இருபது யார் முன்னால் பொம்பர் விமானம் குண்டு போட்டது. சைக்கிளின் முன்சில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்றுக்கூடப் போகவில்லை. அவளைச் சாக்கில் கட்டித் தந்தார்கள். நான் அவிழ்க்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தவன் ரவி, அவளுடைய அண்ணன்.

எங்கள் கலியாண டிவிடி மேசை லாச்சியில். லண்டனில் இருக்கும் அவளுடைய சித்தப்பா எடுத்தது, அங்கே ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துச் செய்தது. அவள் செத்துப் பதினாறாம் நாள் கையில் கிடைத்தது. அவள் குரல் உள்ள ஒரே பொருள். போட்டோ நிறைய. போட்டோ பேசாது. குரல் எப்படி என்று யோசித்தால் இப்போது வண்டின் இரைச்சல்தான் வருகிறது.

லப்டொப் ஓட்டாது. றீஜன் பிழை என்கிறது. டிவிடிக்காரர் உலகத்தை ஆறாக வெட்டி இலக்கம் போட்டிருக்கிறார்கள். கனடா 1. லண்டன் 2. இந்தியாவும் நாங்களும் 5. தட்டின் இலக்கமும் தட்டுப் போடும் டிரைவின் இலக்கமும் ஒத்துவர வேண்டும். டிரைவை ஐந்து தரம் மாற்றலாம். ஐந்தாவதோடு பூட்டு. பிறகு மாறவே மாறாது.

என் டிரைவ் போன வழி:
கனடா – சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு.
லண்டன் – கோயில் திருவிழா.
இந்தியா – படம், ஒரு வாத்தியார் கேட்டது.
திரும்பக் கனடா – அதே சாமத்தியவீடு, இரண்டாம் தட்டு.

எல்லாம் என் கொம்பியூட்டர் கடைக்கு வந்த சனத்துக்காக. அப்போது கதிரையில் இருந்து வதனி சொன்னாள்: "எங்கட சனம் ஒரு றீஜனுக்கை நிண்டால்தானே." சொன்னது நினைவிருக்கிறது. குரல் இல்லை.

மிச்சம் ஒன்று. அது 2 ஆக வேண்டும்.

வீட்டு டிவிடி டெக் என்றால் எந்தத் தட்டையும் ஓட்டும். ஆனால் டெக்குக்கு டிவி, டிவிக்கு ஜெனரேற்றர், ஜெனரேற்றருக்குப் பெற்றோல். பெற்றோல் இல்லை.

ஏன் இன்னும் மாற்றவில்லை? பற்றறி நிறையட்டும் என்று மாமியிடம், வதனியின் தாயிடம், சொல்லி வைத்திருக்கிறேன். பொய். பார்க்கப் பயம்.

17.09, புதன்

மழைக்குணம். மழை இல்லை.

ஷெல் இரண்டு, குளக்கட்டுப் பக்கம். பக்கத்து வளவு மாடு வயிறு திறந்த பிறகும் எழும்பிப் பத்தடி நடந்தது. ரவி கோடாலியால் முடித்தான். ஒரே அடியில் இல்லை. நாலு. கை கழுவாமல் வந்து தேத்தண்ணி குடித்தான். கோப்பைப் பிடியில் இரத்தம்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டே. அண்டைக்கு நீயேன் போகேல்லை?"

"லப்டொப்பைக் கழட்டிப் போட்டிருந்தன்."

"கழட்டிப் போட்டிருந்தியோ. சரி. அது முக்கியம்தானே."

"நீ எங்க நிண்டனி? மத்தியானம் வரைக்கும் படுத்துக் கிடந்தனி."

"நான் படுத்தது எண்டபடியாலைதான் அவள் செத்தவளோ?"

மாமி குசினிக்குள் இருந்து: "ரெண்டு பேரும் அடிபட்டுச் சாவுங்கோ. ஒரு பங்கர் எனக்குத் தாராளம்."

பிறகு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல்: "தம்பி, அந்தத் தட்டை எப்ப போடுவியள்? அவளின்ரை சத்தத்தை ஒருக்காக் கேட்டால் காணும்."

வெள்ளி என்றேன்.

சாப்பாடு: பருப்பு. இறைச்சி வந்தது. நான் தொடவில்லை.

19.09, வெள்ளி

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு கிராமசேவகர் விதானையாரிடம் கூடாரம் போடத் தறப்பாள் எடுக்கப் போனேன். வரிசை. கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பதினொரு மணி. ரவி மாமரத்துக்குக் கீழ், மடியில் லப்டொப். தட்டு உள்ளே. டிரைவ் லைற் மினுங்குகிறது.

"ஏன் எடுத்தனி?"

"நீ போடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நான் பார்ப்பம் எண்டு. ஓடேல்லை. ஒரு பெட்டி வந்தது. நாடுகள் நிரைக்குக் கிடந்தது."

"எதை அமத்தினனி?"

"எங்கட நாடு எது எண்டு கேட்டுது. இலங்கை எண்டதை அமத்தினன்."

திரையைப் பார்த்தேன். றீஜன் 5. மிச்சம் 0.

அந்தப் பெட்டி கேட்பது தட்டு வந்த நாட்டை. இருக்கிற நாட்டை இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும். இங்கிலிசில் எச்சரிக்கை வந்திருக்கும். சரி என்று இருந்ததை அமத்தியிருக்கிறான்.

நான் சிரித்தேன். அது நினைவிருக்கிறது. "வன்னிக்கை இருந்துகொண்டு இலங்கை எண்டு அமத்தினியோ? உனக்கு வேற நாடு கிடைக்கேல்லையோ?"

"அந்த நிரையிலை வேற நாடு இருந்தால் அமத்தியிருப்பன்தானே."

பகிடியாகத்தான் சொன்னான். மண்வெட்டி பங்கர் வாசலில் சாய்ந்து நின்றது. பிடிப்பக்கத்தால் ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன். இதை மறைத்து எழுதக்கூடாது. பிளந்தால் நல்லது என்று நினைத்துத்தான் ஓங்கினேன்.

அவன் தலையை மறைக்கவில்லை. குனிந்து லப்டொப்பைக் கையால் மூடினான். முதல் அடி வலது கையில். விரல் முறிந்த சத்தம் கேட்டது, காய்ந்த மட்டை முறிவதுபோல. இரண்டாவது தோளில். மூன்றாவது லப்டொப் ஓரத்தில், டிரைவ் இருக்கும் பக்கம். நாலாவதுக்கு மாமி இடையில் வந்து நின்றா.

"அடியுங்கோ," என்றா. "அங்கை இருந்து ஷெல் அடிக்கிறவன் காணாதெண்டு நீங்களும் அடியுங்கோ."

மண்வெட்டியைப் போட்டேன்.

டிரைவை இழுத்துத் தட்டை எடுத்தேன். வெளிவிளிம்பிலிருந்து உள்ளே ஒரு வெடிப்பு, என் சின்னவிரல் நகமளவு.

20.09, சனி

ரவியின் மோதிரவிரல் கத்தரிக்காய் நிறம், பருமன். மோதிரம் தசைக்குள் புதைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சண்டைக்காயங்களே வெளி விறாந்தையில். விரலோடு போனால் சிரிப்பார்கள் என்கிறான்.

மோதிரத்தை வெட்டாவிட்டால் விரல் அழுகும். வயர் வெட்டும் கட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

"நீ போட்டது. நீயே வெட்டு," என்றான்.

ஓம், நான் போட்டது. கலியாணத்தன்று தோழனாக நின்று படலை வாசலில் என் காலைக் கழுவினான். கால் கழுவிய மச்சானுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவது முறை. அரைப் பவுண்.

கட்டர் நுனி தசைக்குள் போனது. அவன் துவாயைக் கடித்தான். இரண்டு இடத்தில் வெட்டிப் பிரித்தேன். இரத்தம், சீழ் இல்லை. விரலுக்கு ஈர்க்குக் கட்டினேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

24.09, புதன். தர்மபுரம்

இடம்பெயர்வு. உழவு மெசினில் நாலு குடும்பம். ஏற்றியவை: அரிசி, பற்றறி, லப்டொப் (தலையணை உறைக்குள்), ஆட்டுக்கல் (மாமி பிடிவாதம்). இறக்கிவிட்டவை: அலுமாரி, கதிரைகள், சைக்கிளின் முன்சில்லு.

பரந்தன் தாண்ட மழை. சோலர் தட்டு வழியில் விழுந்து நொறுங்கியது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

27.09, சனி

மழை விட்டது. கூடாரத்துக்குள் சேறு கணுக்கால் வரை. பங்கர் அரைவாசி வெட்டியாயிற்று.

காலையில் தட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன், வெடிப்பு நீண்டிருக்கிறதா என்று. அப்போதுதான் கண்ணில் பட்டது. அடிப்பக்கம் ஊதா.

கொம்பனியில் அச்சடித்த தட்டு வெள்ளியாக இருக்கும். ஊதா என்றால் கொம்பியூட்டரில் எழுதின தட்டு. எழுதின தட்டில் பூட்டே கிடையாது. லண்டன் ஸ்ரூடியோக்காரன் 2 என்ற இலக்கத்தை மட்டும் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து மறித்தது படம் காட்டும் புரோகிராம். ஃபைல்களை அப்படியே கொப்பி பண்ணியிருந்தால் முதல் நாளே ஓடியிருக்கும். 1, 2, 5 எதுவும் தேவையில்லை. வவுனியாவில் இரண்டு வருடம் படித்தேன். இது இரண்டாம் மாதப் பாடம்.

ரவியிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு அடிச்சது சும்மாவோ?"

"ஓம். சும்மா."

"சரி. போடு."

டிரைவ் உள்வட்டத்திலிருந்துதான் வாசிக்கும். வெடிப்பு வெளியே. கீறல் தட்டுகளுக்குக் கடையில் பாவித்த புரோகிராம் ஒன்று இருக்கிறது, முடிந்தமட்டும் எடுத்து வைக்கும். லப்டொப் பற்றறி 31%. ரவி இடது கையால் திரையைத் தாங்கிப் பிடித்தான், பிணைச்சல் உடைந்ததால். தட்டு சுழன்றது. முதலில் அரத்தால் ராவுவதுபோல. பிறகு படார் என்று ஒரு சத்தம். டிரைவைத் திறக்க ஊதாத் துண்டுகள் கொட்டின.

அதற்குள் எடுபட்டது மூன்று நிமிடப் படம்.

மாமியைக் கூப்பிட்டோம். சேற்றில் குந்தி இருந்தா.

படலை. வாழைமரம். மேளம். கார் கதவு திறந்து நான் இறங்குகிறேன், தலைப்பாகை சரிந்து. ரவி செம்போடு குனிகிறான். தண்ணீர் ஊற்றுகிறான்.

"அவள் வாறாளோ?" ரவி.

"இல்லை. நீதான் வாறாய்."

அப்போது வீட்டுப் பக்கமிருந்து, படத்தில் ஆளில்லை, குரல் மட்டும்: "அண்ணா, வடிவாக் கழுவு. ஊத்தைக் காலோட உள்ளுக்கு விட்டிடாதை."

சனம் சிரிக்கிறது. படத்தில் நானும் சிரிக்கிறேன். மோதிரத்தை எடுக்கிறேன். ரவி விரலை நீட்டுகிறான். படம் அதோடு நின்றது.

குரல் நான் நினைத்ததைவிடக் கட்டை.

"வாய்க்காரி," என்றா மாமி. "திரும்பப் போடுங்கோ."

போட்டேன். திரும்பவும். 6% இல் நிறுத்தினேன்.

ரவி என் காலைப் பார்த்தான். "இப்பவும் ஊத்தைதான்," என்றான்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். பொம்பர் இரைச்சல். இரண்டு. தாழ்வாக. மாமி முதலில் குதித்தா. ரவி லப்டொப்பைத் தேடித் திரும்பினான். அதை உதைத்துத் தள்ளிவிட்டு அவன் கழுத்தைப் பிடித்துப் பங்கருக்குள் எறிந்தேன், மேலே விழுந்தேன். நிலம் எழும்பி மேலே விழுந்தது. எனக்குக் கீழே அவன் கத்திக்கொண்டே இருந்தான்: "கையடா, கை, கை."