ராக்கம்மாவுடன் பூப்பந்து

14.3.1983, திங்கள்

மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு எல்லாரும் லயத்து வீடுகளுக்குத் திரும்பினோம். பக்கத்து வீட்டு ராக்கம்மா வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளோடு பூப்பந்து ஆடுகிற பெண் கல்யாணமாகிக் கோலா பிலா ஊருக்குப் போய்விட்டதாம். மே முதல் தேதி தொழிலாளர் தினத்துக்கு எஸ்டேட்டின் எல்லா டிவிஷன் பெண்களும் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். இவளுக்கு ஜோடி இல்லை.

"நீ வா லா, தாயி. உயரமா இருக்க. சும்மா நின்னாலே எதிரி பயந்துருவா."

நான் பேட்டைத் தொட்டதே இல்லை. அதோடு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

15.3.1983

போனேன். சும்மா பார்க்கத்தான், லயத்துக்கு எதிரே கோயிலை ஒட்டிய திடலுக்கு.

17.3.1983

பேட் கையில் ஏறிவிட்டது. இறகு செருகிய பந்தைப் பூ என்கிறார்கள். முதலில் போடுகிறவர் இடுப்புக்குக் கீழே வைத்து அடிக்க வேண்டும். நேரே அடிக்கக் கூடாது, எதிர்ப்பக்கம் மூலைவாட்டில் இருக்கும் கட்டத்தில் விழ வேண்டும். நான் அடித்தது வலைக்கு அடியில் போனது. அடுத்தது கோயில் கூரையில்.

"என்னடி, மாரியாத்தாவுக்கு நேர்த்திக்கடனா?" என்றாள் ராக்கம்மா.

22.3.1983

புள்ளிக் கணக்கு ஒரு அநியாயம். நாம் போட்டு நாம் ஜெயித்தால்தான் புள்ளி. அவர்கள் போடும்போது நாம் ஜெயித்தால் அவர்கள் முறை போகும், அவ்வளவுதான். நமக்கு ஒன்றும் இல்லை.

"இவ்ளோ ஓடியும் ஒன்னும் இல்லயா?"

"எஸ்டேட்ல இத்தன வருஷமா என்ன செய்றோமாம்?"

உட்கார்ந்து சிரித்தோம். எழுந்திருக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். சத்தமா சிரிச்சிட்டேனே. அவருக்குக் கேட்டிருக்குமா? கேட்டா என்ன நெனச்சிருப்பார்?

28.3.1983

இன்றைக்கு மானம் போனது. பூ எங்கள் இருவருக்கும் நடுவே மெதுவாக இறங்கியது. கொஞ்சம் ராக்கம்மா பக்கம். நான் அசையவில்லை. இன்னொரு தடவையும் அப்படியே. அவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏண்டி, மூக்குக்கு நேரா எறங்குது, வேடிக்கை பாக்குற?"

"அது ஒன் பக்கம்."

"அதனால?"

"அடுத்தவ நிரைல எப்படிக் கத்தி வைக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை. கட்டமெல்லாம் முதல் அடிக்கு மட்டும்தானாம். அதற்குப் பிறகு வலைக்கு இந்தப் பக்கம் முழுக்க இருவருக்கும் சொந்தம். யார் கிட்டே நிற்கிறாளோ அவள் அடிக்கலாம்.

சொன்னால் புரிகிறது. கால்தான் கேட்க மாட்டேன் என்கிறது. பதினாலு வயதிலிருந்து என் நிரை மரம், என் வாளி என்று இருந்த கால்.

2.4.1983

ராக்கம்மா பக்கம் போய் ஒரு பூவை எடுத்தேன். அவளையும் சேர்த்து இடித்தேன். நெற்றி வீங்கிவிட்டது, அவளுக்கு.

9.4.1983

நாங்கள் ஆடத் தொடங்கினால் அத்தை ஜன்னலைச் சாத்துகிறார்கள். அவருடைய அம்மா. அவர்களுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை, எனக்கும் அப்படித்தான். இன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"பழகுறதுல என்ன இருக்கு," என்றார்கள். "வருஷம் திரும்புறதுக்குள்ள அத்தன சனத்துக்கு முன்னால போய் நின்னா, பெத்தவ ஏன் விட்டான்னுதானே கேப்பாங்க?"

அத்தை சொல்றது சரிதானே? சரின்னா எனக்கு ஏன் இவ்ளோ கோவம் வருது?

10.4.1983

ராக்கம்மாவிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

14.4.1983

வருஷப் பிறப்பு. எங்கள் வீட்டில் இந்த வருஷம் ஒன்றும் செய்யக் கூடாது. ராக்கம்மா வீட்டுப் பாயசம் வந்தது. அத்தை குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"நாலு நாளா ஏன் போகல?"

"நீங்கதானே அத்தை..."

"அந்தப் பச்சப் பாவாட இல்ல, எதுத்தாப்ல ஆடுறவ, அவ போடுறப்பல்லாம் கோட்ட மிதிக்கிறா. நீங்க ரெண்டு பேரும் கேக்குறதே இல்ல. அப்புறம் நீ இருக்கியே, பின்னால போற பூவையும் எட்டி எட்டி அடிக்கிற. அதுவா வெளிய விழும், விட்டுத் தொலையேன்."

சாத்திய ஜன்னலில் இவ்வளவு பெரிய இடுக்கு இருந்திருக்கிறது!

"போனா ஒழுங்கா ஆடு. கேக்குறவங்க எங்கிட்ட வரட்டும்," என்றார்கள். காலி டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். "நீ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு அன்னிக்கு. வீட்டுக்குள்ள இருந்தா அது வரமாட்டேங்குது."

1.5.1983, ஞாயிறு

பகாவ் டவுனிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு போனேன். முதல் அடியே வலையில். ஓரமாக இரண்டு பெண்கள் என்னைக் காட்டி ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்க நேரம் இல்லை, பூ வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் இரண்டு பக்கமும் பதினாலு. போடுகிறது எங்கள் முறை, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயிப்பு. ராக்கம்மா வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். பூ அவள் பக்கத்து மூலையில் இறங்குகிறது. எப்படிப் போனேன் என்று தெரியாது. அடித்தேன். நடுவராக நின்ற ஆபீஸ் கணக்கர் அர்ச்சுனன் கிராணி எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

அடுத்த ஆட்டத்தில் நன்றாகத் தோற்றோம். அதில் அதிகம் கேட்ட சத்தம் அத்தையுடையது. "யோவ் கிராணி, இடுப்புக்கு மேல அடிக்கிறா, கண்ண எங்க வச்சிருக்க?" கிராணி ஆட்டத்தையே நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அவர் படத்துக்கு முன்னால் நின்று, "தோத்துட்டாடா. ஆனா பரவால்ல," என்றார்கள்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது.

3.5.1983

இன்றைக்குப் புதிதாகப் பழக லயத்துப் பெண்கள் சிலர் வருகிறார்கள். சோறு இன்னும் வடிக்கவில்லை. அத்தை முக்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னாலேயே திடலுக்குப் போய்விட்டார்கள். இங்கே வரைக்கும் கேட்கிறது, யாரையோ கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லித் திட்டுகிறார்கள்.