கொம்பன் மலைக்கு மூன்று சொற்கள்

பதிவு 1. காலை. கொம்பன் அடிவாரக் கூடாரம், செவ்வாய்.

இது யார் கையில் கிடைக்குமோ தெரியாது, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் மரியசெல்வம், பொறியாளன். கூட இருப்பவள் என் மனைவி ரோஸ்லின். மலையேற்றத்துக்கு அவள்தான் தலைவி. வீட்டிலும் அப்படித்தான் என்பது தனிக்கதை.

இந்த அயல்கிரகத்தில் கொம்பன் மலை உச்சியில் இதுவரை மனிதக் கால் பட்டதில்லை. யானைத் தந்தம் மாதிரி நிமிர்ந்து நிற்பதால் அவள் வைத்த பெயர் அது. உச்சிக்குக் கிளம்பும் முன் பாதி வழிவரை கயிறு கட்டி, ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். காற்று அமைதி. கருவிகள் சரி.

பதிவு 2. முற்பகல்.

மேலே சுற்றும் விண்கப்பலிலிருந்து எங்கள் பயண அதிகாரி செண்பகம் உத்தரவு அனுப்பினாள். புழுதியால் ரேடியோவில் இரைச்சல் அதிகம், ஆகவே மலையில் இருப்பவர் மூன்றே சொற்களில் பேச வேண்டுமாம். "ஏறுகிறேன்" என்றால் கவலை இல்லை. "இறங்குகிறேன்" என்றால் கீழே இருப்பவர் நகராமல் விளக்கைப் போட்டு, கூடாரத்தைச் சூடாக்கி வைக்க வேண்டும். "நிற்கிறேன்" என்றால் ஆபத்து; கீழே இருப்பவர் உடனே சிலிண்டரோடு மேலே போக வேண்டும்.

மேடை நாடகம் மாதிரி இருக்கிறது என்று ரோஸ்லின் சிரித்தாள். முதல் சுமையோடு கிளம்பியவள் ரேடியோவில் சொன்னது:

"ஏங்க, வாரேன்."

"எங்கட்டி வார? போறேன்னு சொல்லு."

"கிளம்பும்போது போறேன்னு சொல்லப்பிடாது. இதுகூடத் தெரியாதா?"

தூத்துக்குடிக்காரிக்கு விண்வெளிச் சட்டமெல்லாம் அப்புறம்தான்.

பதிவு 3. மறுநாள் மாலை.

பாதிச் சுமை மேலே போய்விட்டது. எனக்கு முடிச்சு போடக் கற்றுக்கொடுத்தாள். ஓரிடத்தில் தங்குவதென்றால் பாறை ஆணியில் இரட்டை முடிச்சு. இறங்குவதென்றால் அதை அவிழ்த்துவிட்டு ஒற்றை முடிச்சு. நான் மாற்றிப் போட்டேன். "மாமியார் சொன்னது சரிதான், உங்களுக்குக் கயிறும் ஒண்ணு, பாம்பும் ஒண்ணு" என்றாள். அம்மா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

உச்சியில் வைக்க அவள் கொண்டு வந்திருப்பது ஒரு சின்னப் பொட்டலம் உப்பு. அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். கொடியை நீங்கள் நடுங்கள், உப்பை நான் வைக்கிறேன் என்றாள்.

பதிவு 4. அடுத்த நாள். பிற்பகல்.

கடைசிச் சுமையோடு ரோஸ்லின் மேலே இருக்கிறாள். எதிர்பாராத புழுதிப் புயல். கூடாரத்திலிருந்து கயிற்றின் நுனிகூடத் தெரியவில்லை. வெகுநேரம் இரைச்சல் மட்டும்தான். பிறகு அவள் குரல்:

"ஏங்க… வாரேன்."

அப்பாடா. விளக்கைப் போட்டேன். கூடாரத்தைச் சூடாக்கினேன். பொடியைக் கரைத்து ரசம் வைத்திருக்கிறேன். மூன்று சொல் இருக்க நாலாவதைச் சொன்னதற்கு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பதிவு 5. மாலை.

இன்னும் வரவில்லை. ரசத்தை இரண்டு முறை சூடாக்கிவிட்டேன். பார்த்து மெதுவாக இறங்குகிறாள் போல. கூப்பிட்டால் பதில் இல்லை. ரேடியோ பழுதாக இருக்கும். ரேடியோ பழுதாகத்தான் இருக்க வேண்டும்.

பதிவு 6. மறுநாள் காலை. புயல் அடங்கிவிட்டது.

மேலே போனேன். பார்த்துவிட்டேன்.

ரோஸ்லின் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே பாதை சரிந்து கிடக்கிறது; வெளிச்சத்தில் அதைச் சுற்றித்தான் ஏறி வந்தேன். வலது கால் உடைந்திருக்கிறது. உடையில் காற்றுக்குழாய் கிழிந்திருக்கிறது; சிலிண்டர் இருந்தும் மூச்சுக்கு வழி இல்லாமல் போயிருக்கிறது. கொண்டுபோன சிலிண்டர்களை நான் எடுக்க வசதியாக வரிசையாய்க் கட்டி வைத்திருக்கிறாள்.

ஆணியில் இரட்டை முடிச்சு.

அவள் இறங்கவே இல்லை. இறங்க நினைக்கவும் இல்லை. "நிற்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்தப் புயலுக்குள் நான் ஏறியிருப்பேன். சரிந்த பாதையில் நானும் விழுந்திருப்பேன். அது அவளுக்குத் தெரியும். இறங்குகிறேன் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை, போறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிரியும்போது நம் ஊரில் சொல்வதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் விடைபெற்றிருக்கிறாள். நான் ரசம் வைத்திருக்கிறேன்.

ஏட்டி, என்னட்டி பண்ணிட்ட.

பதிவு 7. நேரம் பார்க்கவில்லை.

செண்பகத்திடம் சொன்னேன். அழுதாள். ஏற்றம் ரத்து. என்னை ஏற்றிப்போகச் சிறுகலம் அனுப்புகிறாள். ரோஸ்லினைத் தனி ஆளாக இறக்க முடியாது. முயன்று பார்த்தேன். இங்கே இனி யாரும் வரப்போவதில்லை என்று கப்பலில் முடிவாகிவிட்டது. நானும் வர முடியாது.

அவள் பையில் உப்புப் பொட்டலம் அப்படியே இருந்தது. அவள் மடியில் பிரித்துக் கொட்டினேன். எங்களுக்கு உச்சி இவ்வளவுதான்.

கிளம்ப வேண்டும். போறேன் என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் உண்மை. அவளைச் சொல்லச் சொல்லிக் கிண்டல் செய்த அதே சொல். எவ்வளவோ முயன்றேன், அது வாயில் வரவில்லை.

"வாரேன்ட்டி" என்றேன்.

ரேடியோ திறந்தே இருந்திருக்கிறது. செண்பகம் பதறிப்போய்க் கேட்டாள்:

"அண்ணே, தெளிவாச் சொல்லுங்க. வாரேன்னா என்ன? இறங்குறீங்கதானே?"

"இறங்குகிறேன் தங்கச்சி. அது அவகிட்ட சொன்னது."