உலைக்குப் போகாத சிலிண்டர்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? குழந்தை பொன்னி சரியாகச் சாப்பிடுகிறாளா?

கும்மிடிப்பூண்டி வேலை பழகிவிட்டது. துருப்பிடித்த கதவு, நொறுங்கிய கார் எல்லாம் எங்கள் ஆலைக்கு வருகின்றன. நாங்கள் தரம் பிரித்து அனுப்பினால், உலையில் உருகி, வீடு கட்டும் கம்பியாக வெளியே போகின்றன.

நேற்று ஒரு சின்ன விஷயம், பயப்படாதீர்கள். குவியலைப் பிரிக்கும்போது என்னோடு வேலை செய்யும் ஷைனி, "அக்கா, தொடாத! மூடின சிலிண்டர் கீது" என்று கத்தினாள். அது உலைக்குள் போனால் வெடித்துவிடும். நான் ஓடிப்போய்க் கிரேனை நிறுத்தச் சொன்னேன்.

சூப்பர்வைசர் எபினேசர், "இன்னாம்மா பேஜாரு பண்றே, லோடு நின்னுக்கினு கீது?" என்று கோபமாக வந்தார். சிலிண்டரைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "உலையாண்ட நம்ம ஆளுங்க நிக்கிறாங்கம்மா" என்றார். பிறகு, "இனிமே நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னாதான் லோடு உள்ள போவும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அத்தான்.

பொன்னியைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து எழுதுங்கள், பாவாடை தைக்க வேண்டும். வீடியோவில் அவள் உயரம் தெரியவில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், வேலையில் புடவைக்கு மேல் போட்டுக்கொள்ள. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்,
செல்வகனி