சனியின் வளையமும் என் இடது காலும்

பீடோங்,
சனிக்கிழமை.

அன்பு மனைவி சுபாவுக்கு,

உன் லோகன் எழுதுவது. கடையும் நானும் நலம். இடது கால் மட்டும் மாவுக்கட்டுக்குள் கோபித்துக்கொண்டு கிடக்கிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசியே ஜெயித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வா.

போன வாரம் சுங்கை லாலாங் சாலையில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கியதற்குக் காரணம், எண்ணெய் ஆலைக்குப் போகும் லோரியிலிருந்து உதிர்ந்து கிடந்த செம்பனைப் பழங்கள். என் அக்கா குணசுந்தரிக்கு அந்தக் காரணம் போதவில்லை. உன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடினார். எட்டாம் இடத்தில் சனியாம். நீ பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும்வரை என் உயிருக்கு ஆபத்தாம். "அவ அங்க கல்லப் பாத்துக்கிட்டு இருக்கா, சனி இங்க உன்னப் பாத்துக்கிட்டு இருக்கு லா தம்பி" என்று என் கட்டிலருகே அழுதார். உனக்கும் போன் போட்டு அதையே அழுதிருக்கிறார் என்பது, படிப்பை விட்டுவிட்டு வர நீ டிக்கெட் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

பஞ்சாங்கம் விற்கிற பூஜைச் சாமான் கடைக்காரனான என்னிடமா இந்த விளையாட்டு? ஜோசியரின் கணிப்பை வாங்கிப் பார்த்தேன். அலோர் ஸ்டாரில் நீ பிறந்த நேரத்தை அப்படியே தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் வைத்துக் கணித்திருக்கிறார். நம்மூர் நேரத்துக்கும் அந்த ஊர் நேரத்துக்கும் உள்ள இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழிக்கவே இல்லை. அது உன் ஜாதகமே இல்லை, சுபா. வேறு எவளுடையதோ!

சரியாகக் கணித்திருந்தாலும் நான் அடங்கியிருக்க மாட்டேன். சனியின் வளையத்துக்கு நாற்பது கோடி வயதுகூட இருக்காது என்று விஞ்ஞானிகள் சிலர் சொல்வதாகவும், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை என்றும் சொன்னாயே. நம் ஜெராய் மலைப் பாறை ஐம்பது கோடி ஆண்டுக்கு முந்திய கடல் மணல் என்றும் சொன்னாய். அக்காவிடம் அப்படியே எடுத்துவிட்டேன். "நம்ம மலைய விடச் சின்ன வயசு வளையத்த மாட்டிக்கிட்டு வர்றவனுக்கா நான் பயப்படணும்?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனாலும் மத்தியானம் மீன் குழம்பு அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

பாறைக்குள் நீ கண்டெடுத்த அந்தப் பொடிப் படிக மணி நானூறு கோடி ஆண்டுக்கும் மூத்தது. பூமி வெறும் நெருப்பாகக் கிடந்தது என்று எல்லோரும் நினைத்த காலத்திலேயே இங்கே தண்ணீர் இருந்ததை அது காட்டலாம் என்றாய். அதை இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும் உன் முறை அடுத்த வாரம். நீ விமானம் ஏறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். என் எலும்பு தானாகக் கூடிவிடும். உன் முறை தானாகத் திரும்பி வராது. செம்பனைப் பழத்துக்காகவும் ஜோசியருக்காகவும் அதை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவே மாட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய். இன்றே செய். மாவுக்கட்டுக் காலை உன் தலையணைமேல்தான் தூக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தலையணையை வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். நீ முடித்துவிட்டு வந்து கேள்.

என்றும் உன்,
லோகன்