ஆறு ஆலா முட்டைகள்

தீவு,
30 மே 1996

முட்டைத் திருடன் சைஃபுக்கு,

ஸலாம். நான் நலம். நீயும் உம்மாவும் நலமாக இருக்க வேண்டும். படகுக்கார ஜுமா கடிதத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறான், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆலாப் பறவைகள் வந்துவிட்டன. சின்ன வயதில் நீயும் நானும் கூடை கூடையாக முட்டை அள்ளிய அதே தெற்கு மணல்மேடுதான். அப்போது கால் வைக்க இடம் தேடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? நேற்று எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு கூடுகள். போன வருஷம் ஆயிரத்துக்குப் பக்கம். இந்த வருஷமும் குஞ்சுகள் பறக்காவிட்டால் இனி கூட்டம் இந்தப் பக்கமே வராது என்கிறார்கள் பறவைக் காப்பு அலுவலகத்தில். வருத்தப்படலாம் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நோட்டில் எழுதிவிட்டுச் சோறு வடித்தேன்.

நான் காவலுக்குச் சேர்ந்தபோது எனக்குச் சத்தியம் செய்தபடி நீ படகை இந்தப் பக்கம் திருப்பாமல் இருக்கிறாய். உன் கை எவ்வளவு அரிக்கும் என்று எனக்குத்தானே தெரியும்!

உன் காவல்காரன்,
கல்ஃபான்


பர்கா,
6 ஜூன் 1996

தீவின் ராஜா கல்ஃபானுக்கு,

ஸலாம். பத்து வரி எழுதிவிட்டு ஜுமாவின் மேல் பழியைப் போடுகிறாய். பறவைகளோடு இருந்து இருந்து மனிதர்களிடம் பேசவே மறந்துவிட்டாய்.

உம்மா ஒரு வாரமாக ஒன்றும் சாப்பிடவில்லை. மீன் வேண்டாம், ஹரீஸ் கஞ்சி வேண்டாம், பேரீச்சம்பழம்கூட வேண்டாம். நேற்று வாயைத் திறந்து என்ன கேட்டாள் தெரியுமா? "ஆலா முட்ட வந்துருச்சாடா? ரெண்டு அவிச்சுக் குடு. அடகாத்து ரத்தம் கட்டுனதக் கொண்டாந்து ஏமாத்தாத." நான் கோழி முட்டையை அவித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இத உம் பொண்டாட்டிகிட்ட காட்டு, அவ நம்புவா" என்று தள்ளிவிட்டாள்.

நான் தீவுக்கு வரமாட்டேன். சத்தியம் செய்தது செய்ததுதான். உன்னிடமும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சைஃப்


தீவு,
13 ஜூன் 1996

சைஃபுக்கு,

ஜுமாவிடம் ஒரு பால்பவுடர் டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே சிப்பி என்று அவனிடம் சொன்னேன். ஈர மணலுக்குள் ஆறு இருக்கின்றன. நீயே திற. உம்மா சாப்பிட்டாளா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்காதே.

கல்ஃபான்


பர்கா,
20 ஜூன் 1996

அன்புள்ள கல்ஃபானுக்கு,

சாப்பிட்டாள்! இரண்டு முட்டை, உப்புத் தொட்டு. எழுந்து உட்கார்ந்து என்னை ஒரு பாட்டம் திட்டியும் விட்டாள். "கல்ஃபான் எவ்வயித்துல பொறந்திருக்க வேண்டியவன், நீ எங்கயோ வழி தவறி வந்துட்ட" என்றாள். சிரித்தோம். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆறையும் நானே உரித்தேன். ஒன்றில்கூட ஒரு பொட்டு இரத்தம் இல்லை. எல்லா முட்டையும் அடையில் இருக்கும் ஜூன் பாதியில் அது எப்படி என்று ஒரு நொடி யோசித்தேன். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சைஃப்


தீவு,
27 ஜூன் 1996

சைஃபுக்கு,

ஆலாக்கள் போய்விட்டன. மேட்டின் நடுவே ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் முட்டைகள் மிதிபட்டுக் கிடக்கின்றன. கூட்டம் பயந்து எழும்பியபோது கடற்காகங்கள் இறங்கின. அவை தின்றது போக மிச்சத்தை வெயில் அவித்துவிட்டது. மூன்றே நாள்.

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "இது பழைய முட்டக்காரன் வேலைய்யா. உங்க ஊர்ல யாரு இப்படி மிதிப்பா?" என்று கேட்டார்கள். "தெரியலைங்க" என்றேன். உன் பெயரை அவர்களே சொன்னார்கள். நான் மறுக்காமல் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

நோட்டில் பூஜ்யம் போட்டேன். பிறகு சாப்பிட்டேன், தூங்கினேன்.

கல்ஃபான்


பர்கா,
4 ஜூலை 1996

கல்ஃபானுக்கு,

இங்கேயும் வந்தார்கள். "நீதானே?" என்றார்கள். "ஆமா" என்றேன். படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் நாள் ஒரு திட்டில் இருக்கும் முட்டைகளையெல்லாம் மிதித்துவிட வேண்டும். மறுநாள் விடியலில் அந்த இடத்தில் புதிதாக இட்டிருப்பதை எடுக்க வேண்டும். இரத்தம் கட்டாத முட்டை வேறு எந்த வழியில் கிடைக்கும்? பன்னிரண்டு வயதில் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். தின்றதும் என் உம்மா. அதனால்தான் ஆமாம் என்றேன்.

முட்டையை மிதித்தது உன் பழைய கால். அதில் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் "தெரியலைங்க" என்றது இன்றைய வாய். என்னிடமாவது உண்மையை எழுதியிருக்கலாமே, கல்ஃபான்? அதுதான் வலிக்கிறது.

உம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. டப்பாவைக் கழுவி அனுப்பியிருக்கிறேன். இனி எனக்கு எழுதாதே.

ஸாலிம் மகன் சைஃப்


தீவு,
29 மே 1997

சைஃபுக்கு,

எழுதாதே என்றாய். கிட்டத்தட்டப் பதினொரு மாதம் எழுதவில்லை. இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

ஆலாக்கள் வந்திருக்கின்றன. பதினேழு கூடுகள்.

மிதித்தவன் நான்தான் என்று சனிக்கிழமை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் எஞ்சின் இந்த வாரம் வந்துவிடும். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இன்று ஜுமாவோடு கிளம்புகிறேன். ஸூரில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். ஜுமா அழுதான். எனக்கு இன்னும் வரவில்லை.

என் இடத்துக்கு வந்திருப்பவர் நிஸ்வாக்காரர், மலைப்பக்கத்து மனிதர். நல்லவர், ஆனால் கடல் தெரியாது. நேற்று எண்ணுவதற்காக நேராகக் கூடுகளுக்கு நடுவே நடக்கப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மணல்தானே, முட்ட எங்க இருக்கு?" என்கிறார். அங்கே எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். எனக்கு இனி அங்கே இறங்க அனுமதி இல்லை.

என்னிடம் செய்த சத்தியத்தை நான் திருப்பித் தருகிறேன். ஒரு நாள் படகைத் திருப்பி வந்து எங்கே கால் வைக்கலாம் என்று அவருக்குக் காட்டு. எனக்காக வேண்டாம். பதிலும் வேண்டாம்.

வந்தால் வடக்குக் கரையில் இறங்கு. பதினேழும் தெற்கே இருக்கின்றன.

கல்ஃபான்